ஒன்பதாம் பெட்டியின் வரிகள்

அந்த வரியை எழுதியது யார் என்று வரியில் இல்லை.

மருத்துவமனையிலிருந்து வந்து விழும் பதிவு வரி ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கும், மென்பொருளின் எந்தப் பகுதி எழுதியது என்ற பெயர் இருக்கும், அப்புறம் ஆங்கிலத்தில் சேதி இருக்கும். இதில் ‘9:14, ஒன்பது, மூச்சு’ என்று மட்டும் இருந்தது. அதுவும் உள்ளூர் மொழியான அம்ஹாரியின் எழுத்தில். அடுத்த வரி பத்து, மூச்சு. பதினான்கு வரை போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

இருக்கிற தலைவலி போதாதென்று இது வேறா என்று ஹெவான் திரையைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. கசான்சிஸ் பேட்டையில் இருக்கும் அலுவலகக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. பக்கத்துத் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த கம்பளத்தின் வாடையும், கீழே யாரோ எரிக்கும் யூகலிப்டஸ் புகையும், முந்தாநாள் காப்பிக் கசடின் புளித்த வாசனையும் சேர்ந்து அறையில் மூச்சு முட்டியது.

குறைமாதக் குழந்தைகள் கிடக்கும் பதினான்கு இன்குபேட்டர் பெட்டிகளையும் காவல் காக்கிற மென்பொருள் அவளுடையது. ஆக்சிஜன் இறங்கினால் அது ஒரு வரி எழுதும், அந்த வரியைப் பார்த்து வார்டில் மணி அடிக்கும். வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து மணி அடிக்கவில்லை. பதினான்கு குழந்தைகளுக்கு இரண்டே நர்ஸ்கள். ஒன்பதாம் பெட்டியில் கிடப்பது அவள் அக்கா மெஸ்கெரமின் மகள். எண்பதாம் நாள் ஞானஸ்நானம் ஆகும்வரை பேர் சொல்லமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்ததால், வீட்டில் எல்லோருக்கும் அவள் ஒன்பதுதான்.

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க அரை மணி போதுமாயிருந்தது. தீர்க்கத்தான் இரண்டு நாளாக உயிர் போகிறது. மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் வரி எழுதத் தனக்கென்று ஒரு லாக் லைப்ரரியை, அதாவது பதிவு எழுதும் நிரல் தொகுப்பை, கூட்டிக்கொண்டு வந்திருந்தது. மொத்தம் மூன்று. மென்பொருளை ஓட்டும் ஜாவா அதில் ஏதோ ஒன்றைத் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க, மணி நம்பியிருந்த லைப்ரரி வாயடைத்துப் போனது. ஒன்றை நீக்கினால் அதை நம்பிய பகுதி எழுந்திருக்க மாட்டேன் என்றது. திரும்பச் சேர்த்தால், ஒரே பெயரை இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று ஜாவா மொத்தமாகப் படுத்துக்கொண்டது. வாசல் வழியாக விரட்டியது இன்னொன்றின் பைக்குள் ஒளிந்துகொண்டு திரும்பி வந்தது. சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

கூட வேலை பார்க்கும் தாக்மாவியை அழைத்து, பெயரில்லாத வரிகளைப் பற்றிச் சொன்னாள். அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“மணி என்ன போட்டிருக்கு?”

“ஒன்பதேகாலுக்குப் பக்கத்துல.”

“காலையில தொண்டையில மாட்டுன பழைய வரி, இப்பத்தான் கக்குது. நீ வார்டு மணியப் பாரு, ஹெவுயே. குப்பையோட மல்லுக்கட்டாத.”

அவளுக்கும் அது சரியாகவே பட்டது. இந்த ஊரில் மணியைப் பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள், கணினி நள்ளிரவிலிருந்து எண்ணும். சுவர்க் கடிகாரத்தில் எட்டு, கணினியில் பதினான்கு. வரிகள் கணினி எழுதியவை. ஆகவே 9:14 என்றால் இன்று காலைதான். ஆறு மணி நேரத்தைக் கூட்டிக் கழிப்பது இங்கே யாருக்கும் கைவந்த கலை.

இருந்தாலும் மனசு கேட்காமல் கீழே உருட்டிப் பார்த்தாள். 11:20இல் ஒரு வரி: ‘இருட்டு.’ 11:47இல் ‘ஒன்பது, மூச்சு.’ அதற்கப்புறம் எட்டு வந்தது, பத்து வந்தது. ஒன்பது வரவேயில்லை.

வார்டில் இருந்த அக்காவை அழைத்தாள். காலையில் விளக்கு அணையவில்லையாம், ஒன்பதுக்கும் ஒன்றும் இல்லையாம். “மகாராணி இப்பத்தான் பால் குடிச்சிட்டுக் கொட்டாவி விடுறா. உன் மூஞ்சியக் கழுவிட்டு வேலையப் பாருடி,” என்றாள் மெஸ்கெரம். சிரிப்பு வந்தது ஹெவானுக்கு. குப்பையேதான்.

மூன்று லைப்ரரிகளில் இரண்டைத் தேடித் தேடிப் பிடுங்கினாள். மிச்சமிருந்த ஒன்றுக்கு எல்லாப் பகுதிகளும் சேதி தரும்படி பாலம் போட்டாள். ஏழு முறை விழுந்தது. எட்டாவது முறை எழுந்து நின்றது. திரையில் முரண்பாடு ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

பெயரில்லாத வரிகள் மட்டும் நிற்கவில்லை. ஐந்து, மூச்சு. ஆறு, மூச்சு. எழுதக்கூடியதையெல்லாம் பிடுங்கியாயிற்று. பின்னே எவன் எழுதுகிறான் என்று எரிச்சலோடு மடிக்கணினியில் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும் கட்டளையையே நிறுத்தினாள். ஏழு, மூச்சு.

அப்போது விளக்கு அணைந்தது.

மழை மேகம் மாலையையே இரவாக்கியிருந்ததால், அறை மட்டுமல்ல, தெருவும் எதிர்க் கட்டடமும் கறுத்துப் போயின. மழைச் சத்தம் திடீரென்று கிட்டே வந்ததுபோல் இருந்தது. மடிக்கணினி மட்டும் பேட்டரியில் ஒளிர்ந்தது. வைஃபை செத்துவிட்டது. மருத்துவமனைக்கும் அவளுக்கும் இடையே இப்போது எந்தக் கம்பியும் இல்லை.

எட்டு, மூச்சு.

கைபேசி வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள். கடிகாரத்தில் பதினொன்று இருபது.

பதினொன்று இருபது, இருட்டு.

காலை இல்லை. அந்த வரிகளில் இருந்தது கணினியின் மணியே இல்லை. இந்தச் சுவரின் மணி. இந்த ஊரின் மணி. நடந்ததை எழுதவில்லை அவை.

படியிறங்கி ஓடலாம். மருத்துவமனை ஊரின் மறுகோடியில். இந்த வெள்ளத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒன்பதின் கடைசி வரிக்கு இருப்பது இருபத்தேழு நிமிடம். பழைய குப்பை என்று பிற்பகல் முழுவதையும் வீணடித்த தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வார்டு மணியையாவது உயிர்ப்பிக்கலாம். கைபேசி இணைப்பில், சரிசெய்த மென்பொருளை மருத்துவமனைக்கு அனுப்பினாள். பாதியில் அறுந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி அறுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை. போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது.

அக்காவை அழைத்தாள். நர்ஸைக் கூப்பிடு, ஒன்பதை விட்டு யாரும் நகரக் கூடாது என்றாள்.

“நர்ஸ் இங்கதான் நிக்கிறாங்க. ஜெனரேட்டர் ஓடுது, ஆக்சிஜன் ஃபுல்லா இருக்கு. நீ ஏண்டி அழுவுற?”

“கையை உள்ள விடுக்கா. அவளத் தொட்டுக்கிட்டே இரு.”

“விட்டிருக்கேன். என் விரலப் புடிச்சிருக்கா. யம்மா, என்னா பிடி!”

நாற்பத்தைந்து.

திரை, இப்போது சுவர்க் கடிகாரத்தோடு ஒத்து, அதுபாட்டுக்கு ஓடியது. அவள் மூடினாள். மூடிய மடிக்கணினியின் இடுக்கில் வெளிச்சம் துடித்தது, ஒரு வரிக்கு ஒரு துடிப்பாக. பதினான்கு துடிப்பு, சின்ன இடைவெளி. பதினான்கு துடிப்பு.

நாற்பத்தாறு.

“நர்ஸ் இருக்காங்களா?”

“இருக்காங்கன்னு சொல்றேன்ல. நல்லா இருக்கா, ஹெவுயே. மூச்சு நல்லா இருக்கு. பயப்படாத.”

முள் நகர்ந்தது.

பதினான்கு துடிப்பு. இடைவெளி. ஹெவான் எண்ணினாள். ஆறு. ஏழு. எட்டு.

இருட்டு.

பத்து.

“அட,” என்றாள் மெஸ்கெரம், லேசான ஆச்சரியத்தோடு. “விரலை விட்டுட்டா.”

அவள் குரலுக்குப் பின்னால், மூன்று நாளில் முதல் முறையாக, மணி அடித்தது. கணீரென்று, எந்தக் குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.