பழத்தில் ஓட்டை இல்லை

காலை பதினொன்று இருபத்தைந்து. துறைமுகத்துப் பழச் சோதனை அறையில், வெள்ளை எனாமல் தட்டில், அரிசி நீளத்தில் ஒரு புழு நெளிந்தது.

பழம் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்தார். கைவேகத்தால் அவருக்குக் கத்தியண்ணன் என்றே பெயர்.

பதினொன்றரைக்கெல்லாம் தலைமை அதிகாரி தீர்ப்பே சொல்லிவிட்டார். "நாலு மணிக்கு மொத்தச் சரக்கையும் குழியில போட்டுப் புதைச்சாகணும். இனிமே அந்தத் தோட்டத்துப் பேரிக்காய் இங்க இறங்கக் கூடாது."

கேட்டவளுக்கு முகம் சுண்டிப்போனது. அந்தப் பழத்தோடு என்னென்ன பூச்சி வரும், வந்தால் நம் தோட்டங்கள் என்ன கதியாகும் என்று மூன்று வருடம் ஆராய்ந்து, 'ஆபத்து மிகக் குறைவு, வரவிடலாம்' என்று எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அவள் சொல்லை நம்பி முதல் சரக்கை வரவழைத்த வியாபாரி, வாசலில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணி வரைக்கும் எனக்கு விடுங்க சார்."

"ஏம்மா, புழு கண்ணு முன்னாடி ஆடுது. அறிக்கை தப்புன்னு ஒத்துக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

"தப்புன்னா நானே கிழிச்சுப் போடறேன் சார்."

அறிக்கை பிழைக்க வேண்டும் என்ற ஆசையைச் செருப்பைக் கழற்றுவதுபோல வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள்.

பன்னிரண்டு பத்து. வலை போட்ட இரட்டைக் கதவு. ஈ நுழைய வழியில்லை. தட்டு வெந்நீரில் கழுவியது. இரண்டு விரல் உயரத்துக்கு வழவழவென்ற விளிம்பு. புழு ஏறினால் வழுக்கிவிடும். அப்படியானால் பழத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வெட்டிய அறுபது பழத்தையும் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் ஓட்டை இல்லை.

"புழு இருக்கு, அது குடியிருந்த வீட்டைக் காணோமே அண்ணே."

"வெட்டும்போது வீடு இடிஞ்சிருக்குமோ என்னமோ."

"இடிஞ்சாலும் சுவராவது நிக்குமில்ல. ரூமுக்குள்ள யார் யார் வந்தாங்க?"

"நான். அப்புறம் நம்ம சார்."

"எப்போ?"

"பதினொன்னு இருபது. கண்ணாடியைத் தேடிக்கிட்டு வந்தார். கையில இருந்த டப்பாவைத் திறந்தபடியே தட்டுப் பக்கத்துல வெச்சுட்டு, சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவறார். கண்ணாடி தலை மேல உக்காந்திருக்கு தங்கச்சி. சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு."

அவளும் சிரித்தாள். சிரித்தபடியே தட்டின் ஓரத்தில் மேசையைத் தடவினாள். கடுகைவிடச் சற்றுப் பெரிய விதை ஒன்று விரலில் ஒட்டியது. மஞ்சளாக, கல்லுப் போல இருந்தது. தட்டிலிருந்த பேரிக்காய் விதைகளோ கறுப்பு, நீளம்.

"இருபது நாள் குளிர்ல வந்த பழம்," என்றார் கத்தியண்ணன். "இந்தப் புழுப்பய என்னடான்னா, விறைக்காம கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஆடறான்."

மூன்றரை. அதிகாரி தேநீரோடு வந்தார். வியாபாரியையும் கூப்பிட்டார்கள். அவள் புழுவை ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் விட்டாள்.

"யாரும் தொடாதீங்க. சும்மா பாருங்க."

புழு வளைந்தது. தலை வாலைத் தொட்டு மோதிரமானது. அடுத்த நொடி விண்ணென்று எகிறி, அதிகாரியின் தேநீரில் போய் விழுந்தது.

"ஏறுமா ஏறுமான்னே யோசிச்சோம் சார். இது குதிக்கும். பழ ஈயோட புழு முத்தினதும் மண்ணைத் தேடி இப்படித்தான் தாவும்."

"எங்கேருந்து தாவுச்சு?"

"உங்க டப்பாவிலேருந்து." விதையை நீட்டினாள். "கொய்யா விதை. இது பேரிக்காய்த் தட்டுப் பக்கத்துல எப்படி வந்தது?"

"எங்க வீட்டு மரம்மா அது. ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்ல."

"அதனாலதான் சார்."

டப்பாவைத் திறந்தார்கள். பாதிக் கொய்யா இருந்தது. உள்ளே சுரங்கம் சுரங்கமாக, அதே சாதிப் புழுக்கள் குடும்பத்தோடு குடியிருந்தன.

"மீதிப் பாதியை நான்..." என்று ஆரம்பித்த அதிகாரி, முடிக்கவில்லை. கத்தியண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மனுஷர் நல்லவர். 'வெளிப் பழம் உள்ளே கொண்டுவரக் கூடாது' என்ற அறிவிப்பில் கையெழுத்துப் போட்டிருந்த அதே பேனாவால், விதி மீறியவர் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதினார். பிறகு வியாபாரியின் அனுமதித் தாளிலும் கையெழுத்திட்டார். "எடுத்துட்டுப் போங்கய்யா. உங்க பழம் சுத்தம். என் வயிறுதான் சந்தேகம்."

மறுநாள் காலை சந்தையில் அந்தக் கடை முன்னால் நல்ல கூட்டம். அவளும் வரிசையில் நின்று ஒரு பேரிக்காய் வாங்கினாள். மூன்று வருடம் அதைப்பற்றி எழுதியும், அதன் ருசி அவளுக்குத் தெரியாது.

வியாபாரி கத்தியை எடுத்தார். "வெட்டித் தரட்டுமாம்மா? உள்ளே பார்த்துட்டுத்தானே சாப்பிடுவீங்க?"

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்தப் பழத்தையும் வெட்டிப் பார்க்காமல் அவள் வாயில் வைத்ததில்லை.

"வேண்டாங்க," என்று சொல்லி, தெருவில் நின்றபடியே முழுப் பழத்தை ஒரு கடி கடித்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.