டேங்க் இல்லாத வீட்டில் விசில்!

"வேண்டாம் லூசியன்...!"

கொலெட்டின் அலறல் பேஸ்மென்ட்டைத் தாண்டவில்லை. அதற்குள் வாயில் டேப் விழுந்தது.

கைகள் பின்னால் இரும்புத் தூணோடு கட்டப்பட்டிருந்தன.

லூசியன் நிதானமாகக் கையைத் துடைத்தான். அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரத் தெருக்களில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன். போன வாரம் அந்த லாரியால் ஒருவரை அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் வந்தவன். இவனுக்குக் கணவன் என்று பெயர்!

"போலீஸ்ல சொல்லிடுவேன்னியே... இப்ப சொல்லு பாப்போம்!"

"ம்... ம்...!"

"மேல பாருடி!"

பார்த்தாள்.

வீட்டைச் சூடாக்க எண்ணெயை விட்டு கேஸுக்கு மாறி, பழைய ஆயில் டேங்கைக் கழற்றி ஒரு மாதமாகிறது. ஆனால் வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றும் பைப்பும், காற்று வெளியேறும் விசில் பைப்பும் மட்டும் சுவரிலேயே இருந்தன. ஊற்றும் பைப்பின் வாய்க்கு நேர் கீழே... புது கேஸ் பாய்லர்!

"நாம கேஸுக்கு மாறினதை ஆயில் கம்பெனிக்கு நான் சொல்லவே இல்ல. வழக்கம்போல பத்து மணிக்கு லாரி வரும். எண்ணெய் கொட்டும். பாய்லர்ல நெருப்பு இருக்கு. ஐயோ பாவம், மறதியில நடந்த விபத்து!"

அவள் தலையை வேகமாக ஆட்டினாள்.

"டேங்க் இல்லாம விசில் அடிக்காதுங்கறியா? தெரியும்டி. எண்ணெய் உள்ள போனா டேங்க்ல இருக்கற காத்து வெளியேறி விசில் அடிக்கும். விசில் கேக்கலன்னா டிரைவர் உடனே நிறுத்திடுவான். அதுக்கும் ஏற்பாடு இருக்கு!"

பழைய வேக்குவம் கிளீனர். காற்று ஊதும் குழாயை விசில் பைப்பில் செருகி ஸ்விட்சைத் தட்டினான். விசில் கேட்டது.

"நான் ஏரிக்கு மீன் பிடிக்கப் போறேன். சாட்சிக்கு நாலு பேர் இருக்காங்க. வரட்டுமா?"

போய்விட்டான், பாவி!

கொலெட் காலை நீட்டினாள். வேக்குவம் கிளீனரின் ஒயர்... பிடுங்கிவிட்டால் போதும்! கயிறு மணிக்கட்டை அறுத்தது. ரத்தம் வழிந்தது. இன்னும் ஒரு விரற்கடை தூரம்...

எட்டவில்லை.

வாசலில் லாரிச் சத்தம்!

பைப்பின் மூடியை யாரோ திருகினார்கள்.

கண்களை மூடினாள். சாகப் பிடிக்கவில்லை அவளுக்கு. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

ஒரு நிமிடம்...

இரண்டு நிமிடம்...

ஒரு சொட்டுக்கூட விழவில்லை!

மேலே வீட்டுக் கதவு உடையும் சத்தம். ஆயில் லாரி டிரைவர் பெல்கி, படிகளில் தடதடவென்று இறங்கினார்.

"ஏம்மா... இதென்ன கோலம்!"

டேப்பை உரித்தார்.

"எ... எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பது வருஷமா எண்ணெய் ஊத்தறேன். ஊத்த ஆரம்பிச்சப்புறம்தான் விசில் அடிக்கும். இங்க நான் ஹோஸையே மாட்டல... அதுக்குள்ள அடிக்குது! சந்தேகப்பட்டு பேஸ்மென்ட் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன்... நீ தெரிஞ்சே!"

கொலெட் ஓவென்று அழுதாள்.

கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, பெல்கி லூசியனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரை ஆன் செய்தார்.

"லூசியனா? ஆயில் லாரி டிரைவர் பேசறேன். உங்க வீட்ல..."

"ஐயோ! என் கொலெட் எரிஞ்சு போய்ட்டாளா?"

"நெருப்புன்னு நான் சொல்லவே இல்லையே சார்?"



கொலெட் போனைப் பிடுங்கினாள்.

"லூசியன்... மீனை விட்டுட்டு அங்கேயே நில்லு. போலீஸ் வண்டி வந்துட்டிருக்கு. குளிருக்கு பயப்படாதே... அதுல ஹீட்டர் நல்லாவே வேலை செய்யுமாம்!"