சென்னியப்பன் எடுத்து வைத்த பின்னச்சு

அன்று மதியம் என் கணவர் சென்னியப்பன் சாப்பாட்டு மேசையில், ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு பல்சக்கரத்தைத் துடைத்து வைத்தார். எங்கள் பழைய அம்பாசடருக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்த பின்னச்சின், அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலின், பல்சக்கரம்.

"இது நல்லா இழுக்கும், வேகம் வராது. அவினாசி ரோட்டுல எஞ்சின் கத்துமுங்க" என்றேன்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு" என்று சிரித்தார். மோர் கேட்டார். மோருடன் நான் திரும்பியபோது அவர் தலை மேசைமேல் சாய்ந்திருந்தது.

எங்கள் ஊரில் இறந்தவர்கள் வண்டி ஓட்டுவதை நிறுத்துவதில்லை. ஒருவருடைய கை, கால், தயக்கம், அவசரம் எல்லாவற்றையும் வண்டி பதிந்து வைத்துக்கொண்டு, அவர் போன பிறகும் அதேபோல் தானே ஓடும். அதற்கு நிழலோட்டி என்று பெயர். எதிர்வீட்டு மாமியார் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. இன்னும் ஒவ்வொரு பிள்ளையார் கோவில் முன்னாலும் காரை நிறுத்தி மருமகளைக் காக்க வைக்கிறார். "உசுரோட இருந்தப்பகூட இவ்வளவு பக்தி இல்லீங்க்கா" என்பாள் அவள்.

ஆனால் வருடத் திதிக்குள் நிழலைக் குடும்பத்தின் வண்டி ஒன்றில் குடியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். அவர் தினமும் ஓட்டி, அவர் நிழல் பதிந்திருந்த வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மிச்சம் அம்பாசடர்தான். அதில் கரும்புச் சாராயத்தில் ஓடும் புது எஞ்சினை அவரே பூட்டியிருந்தார். கியர் பெட்டியும் பின்னச்சும் பாக்கி.

திதி நெருங்கியபோது உக்கடத்தில் ரஷீதாவின் பட்டறைக்குப் போனேன். நிழலைத் தாங்கும் தானியங்கிக் கியர் பெட்டி வேண்டும் என்றேன்.

"போட்டுரலாங்க்கா. ஆனா அண்ணன் எடுத்து வெச்ச ஆக்சில் அதுக்கு ஒத்துவராது. அது கைக் கியருக்குத்தான். அதுக்கேத்த கியர் பெட்டியும் கையோட எடுத்து வெச்சுட்டுத்தான் போனாரு."

"இதை எதுக்கு எடுத்தாராம்?"

"நானும் கேட்டேன். என்னண்ணா, கல்லு லோடு ஏத்தப் போறீங்களான்னு. சிரிச்சுக்கிட்டாரு."

ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்றவருக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. அவர் எடுத்து வைத்ததையே ஒரு தடவை பூட்டச் சொன்னேன். ரஷீதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பூட்டினாள்.

பட்டறை வாசல் ஏற்றம். கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். விட்ட பிறகுதான் பார்த்தேன்: இரண்டாம் கியர். கல்யாணமான புதிதில் அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து என் கை ஒன்றாம் கியரை மறந்துவிடும். வண்டி குலுங்கி நின்றுவிடும். "ஒண்ணு, தெய்வான, ஒண்ணு" என்று பக்கத்திலிருந்து காலமெல்லாம் சொன்னார்.

குலுக்கலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வண்டி மெதுவாக, ஒரு முனகல்கூட இல்லாமல், இரண்டாம் கியரிலேயே ஏற்றத்தில் ஏறியது. அந்தப் பின்னச்சின் இழுவை.

குளக்கரையில் நிறுத்திவிட்டு அழுதேன். அந்த வருடத்தில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது. நிழலுக்கு அவர் எப்படி ஓட்டுவார் என்பது தெரியும். நான் எப்படி ஓட்டுவேன் என்பது அதற்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப நிழல்?" என்றாள் ரஷீதா, நான் திரும்பி வந்ததும்.

"போகட்டும். எத்தனை நாளைக்குத்தான் ஓட்டுவாரு பாவம்."

திதி கடந்துவிட்டது. அவினாசி ரோட்டில் எஞ்சின் கத்தத்தான் செய்கிறது. அதில் நான் சொன்னதுதான் சரி. எதிர்வீட்டு மருமகள் சில நாள் பிள்ளையாருக்குத் தப்பி என்னோடு வருகிறாள்.

நான் இன்னும் இரண்டாம் கியரில்தான் கிளம்புகிறேன்.