நான்கு நிமிடம் முந்தி

பத்து நாள் விடுப்பு முடிந்து விஞ்ஞானி சுமையா தன் ஆய்வு நிலையத்துக்குத் திரும்பியபோது காலை பதினொரு மணி. காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, திராட்சைப் பந்தல்களைத் தாண்டி ஜீப்பில் மேலேறினால் மலைச்சரிவில் அந்த ரேடியோ தொலைநோக்கி நிற்கும், மல்லாத்தி வைத்த இரும்புக் குடை மாதிரி. நட்சத்திரங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது பிடிக்கும். அவை அத்தனை மெல்லியவை. பக்கத்தில் ஒரு செல்போன் உயிரோடு இருந்தாலே அமுங்கிப்போகும். அதனால் வாசலிலேயே போனை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள்.

கேபிள் வேலை பார்த்த சுருளியாண்டி அந்த விதியை மீறினார். மகளுக்குப் பேறுகாலம். போனை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வந்தவர், சித்திரையில் ஒருநாள் சுமையாவிடம் மாட்டினார். இன்னொரு தடவை பார்த்தால் வேலை போய்விடும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவளுக்குத் தகப்பன் வயது அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கணினித் திரையில் முள் போல ஒரு கோடு எழுந்தது. செல்போன் அலை. விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். வெளியே வெயில் கொளுத்தியது. எரிச்சலோடு அந்த முட்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சனிக்கிழமையும் வந்தது, அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றார்.

“வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தவுக இன்னும் வீடு திரும்பலம்மா. இங்கனதான் இருப்பாக. கொஞ்சம் தேடச் சொல்லுங்க.”

இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள் சுமையா. உள்ளே வந்து பார்த்தால் முள் மெலிந்திருந்தது. சாயங்காலம் நின்றே போயிற்று. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை நாற்றம் காட்டிக்கொடுத்தது. தொலைநோக்கிக்குப் பின்னால் புதர் மூடிய பாழுங்கிணறு ஒன்று இருந்தது. மறைவாகப் பேச ஒதுங்கியவர் அதில் விழுந்திருந்தார். இடுப்பு முறிந்து இரண்டு நாள் உயிரோடு கிடந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். விறைத்த கையில் போன். டவர் எட்டாத குழிக்குள்ளிருந்து அறுபத்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தார்.

போலீஸ் விசாரித்தபோது அந்த முட்களைப் பற்றி சுமையா வாய் திறக்கவில்லை. அழித்தாயிற்று, இனி யாருக்குத் தெரியும் என்று விடுப்பில் போனவள்தான் இன்று திரும்பியிருக்கிறாள்.

நிலையப் பொறியாளர் பொன்னுராஜ் அவளுக்காகக் காத்திருந்தார். மூன்று நாளாக மறுபடியும் செல்போன் அலை வருகிறது, கருவியைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டு முழுக்க அலசியும் ஒன்றும் அகப்படவில்லை என்றார். வந்த நேரங்களைக் குறித்து வைத்திருந்தார்.

பன்னிரண்டு இருபத்து நான்கு. பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு பதினாறு.

சுமையா கழித்துப் பார்த்தாள், நாளுக்கு நான்கு நிமிடம்.

தரையில் உள்ள போனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தினமும் நான்கு நிமிடம் முந்தி வருபவை நட்சத்திரங்கள்தான்.

தொலைநோக்கி அப்போது நோக்கியிருந்தது ஒரு பல்சாரை. செத்த பிறகும் சுழன்று துடித்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம். அங்கே கிளம்பிய அலை இங்கே வந்து சேர மூவாயிரம் வருஷம் ஆகும். இன்றைக்கு வருவது, சுருளியாண்டி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே புறப்பட்டது.

பொன்னுராஜ் சாப்பிடப் போனார். அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு பன்னிரண்டு.

முள் எழுந்தது.

அலையை ஒலியாக மாற்றி ஸ்பீக்கரில் விட்டாள். டொக், டொக் என்று நட்சத்திரத்தின் துடிப்பு சீராகக் கேட்டது. அதற்கு நடுவில் வேறொன்று. யாரோ மண்ணை விழுங்கியபடி மூச்சு வாங்குவது போல. ஏசி அறைக்குள் ஈரக்களிமண் வாடை பரவியது.

“தாயி.”

ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினாள்.

“இங்கனருந்து பாத்தா, நீங்க உக்காந்திருக்கதுதான் தாயி குழி.”

முள்ளைத் தேர்ந்து அழித்தாள். மறுபடி எழுந்தது. அழித்தாள். முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. நாற்காலி சாய வெளியே ஓடினாள். வாசல் பெட்டியிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, வழியில் கிடைத்த பஸ்ஸில் ஏறி உத்தமபாளையம் வீட்டுக்கு வந்துதான் நின்றாள். இரவெல்லாம் காய்ச்சல்.

விடிந்ததும் பொன்னுராஜ் போன் செய்தார். அவள் ஓடியதைப் பார்த்துப் பயந்து நேற்றே மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிட்டாராம். தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறாராம். ஆனாலும் தொலைநோக்கி தானாகத் தரைமட்டத்துக்குத் தாழ்ந்து, வடக்கே உத்தமபாளையத்தைப் பார்த்து நிற்கிறதாம்.

அந்த நிமிடமே கிளம்பினாள். எங்கே போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. தெற்கே கம்பம், கூடலூர் தாண்டி மலையேறி, குமுளியில் அக்கா ஷர்மின் வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டாள். அக்கா சோறு போட்டு வைத்தாள். முதல் வாய் உள்ளே போகவில்லை, போன் அடித்தது.

பொன்னுராஜ்தான்.

“சுமையாம்மா, அது தெக்க திரும்பிருச்சு. மலை மேல பாக்குது. இப்ப நீங்க எங்கன இருக்கீக?”