வால் முளைத்த துள்ளல்

"திருட்டுப் பயலே! அது என் மெட்டு!"

ஷீனா போட்ட சத்தத்தில் பிடில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. ரானல்ட் வில்லைக் கீழே இறக்கினான்.

"திருடல ஷீனா. உன் மெட்டு சட்டுன்னு முடிஞ்சிருது. ஆடுறவங்க தூக்கின காலோட அந்தரத்துல நிப்பாங்க. அதான் பின்னாடி கொஞ்சம் சேர்த்தேன்."

"சொந்தமா ஒண்ணு போடத் துப்பில்ல. என் மெட்டுக்கு வால் ஒட்ட வந்துட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ரானல்ட் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெளியே போய்விட்டான்.

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் மெட்டுப் போட்டவரின் பெயரையே மெட்டுக்கு வைப்பதுண்டு. அன்று மாலை ஊர் மன்றத்து நடனத்தில் 'ஷீனாவின் துள்ளல்' என்ற ஆட்ட மெட்டு அரங்கேற இருந்தது. அப்பாவை அசத்த வேண்டும் என்று அதை அவள் வீட்டில் வாசித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தாள். அப்பா உருளைக்கிழங்கு உரித்தபடி விசிலடித்துக்கொண்டிருந்தார். ஷீனா வாசலிலேயே நின்றுவிட்டாள். அது அவளுடைய மெட்டு! மெதுவாக, தாலாட்டுப்போல வந்தது.

"அப்பா, என் மெட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் மெட்டா? கைக்குழந்தையில இதை விசிலடிச்சாத்தான் நீ தூங்குவ. நிறுத்தினா வீட்டை ரெண்டாக்கிருவ."

"நீங்க போட்டதா?"

"நானா? எனக்குக் கிழங்கு உரிக்கவே வராது! மீன்பிடிப் படகுல கூட வர்றவர்கிட்ட கேட்டுப் பிடிச்சது."

ஷீனாவுக்கு முகம் எரிந்தது. தாலாட்டை வேகமாக்கியது மட்டும்தான் அவள் வேலை. ரானல்டாவது சேர்த்ததை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டான். அவனைப் போய்த் திருடன் என்றோமே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

மாலையில் மன்றம் நிரம்பி வழிந்தது.

"அடுத்து, நம்ம ஷீனா சொந்தமாப் போட்ட மெட்டு!" என்று அறிவித்தார் நிகழ்ச்சியை நடத்திய ஆர்ச்சி.

பேசாமல் வாசித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி வரிசையில் ரானல்ட் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஷீனா வில்லைத் தாழ்த்தினாள்.

"முழுக்க என் சொந்தம் இல்லீங்க," என்றாள் ஷீனா. "முன்பாதி எங்கப்பா விசில்ல கேட்டது. நான் வேகமாக்கினேன். பின்பாதி ரானல்ட் போட்டான். அவனைத் திருடன்னு சொல்லிட்டேன். ரொம்ப வெக்கமா இருக்கு. ரானல்ட், வந்து வாசிக்கிறியா?"

ரானல்ட் மெல்ல எழுந்தான். "பிடில் கொண்டு வரலையே!"

"என்னோடது இருக்கு, வா."

"அப்போ மெட்டுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டார் ஆர்ச்சி.

ஷீனா ரானல்டைப் பார்த்தாள். "வால் முளைத்த துள்ளல்."

ரானல்ட் களுக்கென்று சிரித்துவிட்டான்.

முன்பாதியை ஷீனா வாசித்தாள். ஆட்டம் சூடுபிடித்தது. பிடில் கைமாறும்போது மெட்டு அறுந்துவிடுமோ என்று பயந்தாள். அதற்குள் கூட்டத்திலிருந்து அப்பாவின் விசில் கிளம்பியது. அதைப் பிடித்துக்கொண்டு ரானல்ட் பின்பாதியை வாசித்தான்.

ஆடியவர்களில் ஒருவர் கால்கூட அந்தரத்தில் நிற்கவில்லை.