எச்சில் தொட்ட பக்கம்

அகராதியின் இரண்டாவது தாளைப் புரட்டியபோது அதன் கீழ்மூலை தில்லையம்பலத்தின் விரலில் ஒட்டிக்கொண்டது.

பழைய புத்தகத்தில் ஈரம் அவனுக்குப் புதிதில்லை. இத்தாலியின் பலெர்மோ நகர நிலவறைகளில் கிடந்து பூஞ்சணம் பிடித்த எத்தனையோ புத்தகங்களைத் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்து எடுத்திருக்கிறான். அந்த ஈரம் தாள் முழுக்க ஊறி, ஓரங்களில் மஞ்சளாகக் கரைகட்டி நிற்கும், தொட்டால் குளிரும். இது அப்படி இல்லை. கீழ்மூலையில் மட்டும், ஒரு விரல்நுனி அளவுக்கு, வழுவழுவென்று, இளஞ்சூடாக இருந்தது. விரலைப் பிரித்தபோது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நூல் இழுபட்டு அறுந்தது.

கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். பிறகு, ஏன் என்று தெரியாமலே, விரலை முகர்ந்தான். பெருஞ்சீரகம். அதற்கு அடியில், பல நாள் துலக்காத வாயின் நாற்றம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் ஆடி மாதம் அது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் சூட்டுக்காற்று இரண்டு நாட்களாக ஊரை அவித்துக்கொண்டிருந்தது. கபோ சந்தையில் மத்தியானக் கடைகளை மூடியாயிற்று. நசிந்த தக்காளியும் மீன் கழுவிய தண்ணீரும் ஒழுங்கையில் புளித்து மணத்தன. எல்லா வீட்டுக்காரரும் மர ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தூங்கும் நேரம். தில்லையம்பலத்தின் ஒற்றை அறையிலும் இருட்டு. கட்டிலில் மனைவி விமலராணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

பொலிதேயாமா சதுக்கத்துக் கந்தோர்க் கட்டடங்களில் படிகளும் தரையும் கழுவுவது தில்லையம்பலத்தின் வேலை. இலங்கையிலிருந்து கூடவந்த பெடியள் வீடியோ டெக்கும் சங்கிலியும் சேர்த்தபோது அவன் பழைய புத்தகங்களைச் சேர்த்தான். ஞாயிறு காலையில் நிலத்தில் துணி விரித்துக் குவித்திருக்கும் குவியல்களுக்குள் முழங்கை வரை கையைவிட்டுத் துழாவுவான். இத்தாலிய மொழியில் ஒரு பந்தியை ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தோல் முதுகுள்ளவை, படம் உள்ளவை, 'செயிலோன்' என்று எங்காவது போட்ட வரைபடம் உள்ளவை எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு தமிழ்ப் புத்தகம் மட்டும் அகப்படவே இல்லை.

அகப்பட்டது சிஞ்ஞோரா பிலிப்பாவின் வீட்டில். விமலராணி அங்கேதான் சமைத்துத் துப்பரவு செய்கிறாள். சிஞ்ஞோராவின் சிற்றப்பா ஒரு பாதிரியார், இளவயதில் இலங்கையில் முப்பது வருஷம் இருந்தவர், பனிக்காலத்தில் செத்துப்போனார். உங்களுடைய சுருள் சுருளான எழுத்தில் ஒரு பெட்டி கிடக்கிறது, உன் புருஷனை வந்து எடுக்கச் சொல் என்றாளாம். அவன் ஓடினான்.

பெட்டி வீட்டுக்குள் இல்லை. வெளியே, படிக்கட்டின் திருப்பத்தில் வைத்திருந்தாள். அந்த வெக்கையிலும் கைகளில் ரப்பர் உறை.

"கடைசி ஐந்து வருஷமும் வாசித்தபடியே கிடந்தார்," என்றாள். "பேச்சு நின்றது. கால் விழுந்தது. பிறகு இரண்டு கையும் விழுந்தது. வாசிப்பு மட்டும் நிற்கவில்லை."

"அப்ப ஆர் பக்கம் புரட்டினது?" தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டான்.

சிஞ்ஞோரா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெட்டியில் நான்கு புத்தகங்கள். எல்லாம் மிஷன் அச்சகத்தில் அடித்தவை. மேலே இருந்தது அகராதி. முகப்புத் தாளைச் சுற்றிப் பூக்கொடி வரம்பு, அதற்குள் தடித்த பழைய எழுத்து. அதைக் கண்டதும் அவனுக்குக் கேள்வி மறந்துவிட்டது.

ஈரமான மூலைகளில் முகப்பவுடர் தூவி, கழிவறைக் கடதாசியை மடித்து இடையில் வைத்தான். மறுநாள் வேலை முடிந்து வந்து திறந்தபோது அந்தத் தாள்கள் காய்ந்து சுருங்கியிருந்தன. ஆனால் அவற்றுக்கு அப்பால், நேற்று மொரமொரவென்று இருந்த தாள்கள் நனைந்திருந்தன. 'க' எழுத்து முடியும் வரைக்கும் எல்லா மூலையும் ஈரம். அடுத்த தாள் காய்ந்திருந்தது.

யாரோ அதுவரை வாசித்திருந்தார்கள்.

"என்னப்பா இது மணக்குது?" விமலராணி அடுப்படியில் இருந்து கேட்டாள். "செத்த எலியோ?"

"புத்தகம். பழசு, அதான்."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். மூலையைத் தொட்டாள். தொட்ட கையை உடம்பில் இருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனாள்.

"இது துப்பல்."

"விசர்க் கதை கதையாதையும்."

"கிழவன்ரை பீங்கானைக் கழுவினவள் நான். அந்த மணம் எனக்குத் தெரியாதே? நாள் முழுக்கப் பெருஞ்சீரக மிட்டாயை உமிஞ்சுகொண்டு கிடப்பார்." அவள் சவர்க்காரத்தை இரண்டாம் முறையும் போட்டுத் தேய்த்தாள். "காலிலை புத்தகம் பட்டாலே தொட்டுக் கும்பிடுறனாங்கள். இது எச்சில் பட்டுக் கிடக்குது. கொண்டுபோய் எறியுங்கோ."

"ஓம். நாளைக்கு எறியிறன்."

எறியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. இன்னொரு பிரதி உலகத்தில் எங்கே இருக்குமோ. பெட்டியைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி, கட்டிலின் அடியில், பயணப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினான். அந்தப் பக்கத்தில்தான் அவள் படுப்பது.

அடுத்த மத்தியானம் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒழுங்கையில் ஒரு வானொலி முணுமுணுத்து ஓய்ந்தது. நாயொன்று மூச்சிரைத்தபடி கதவோரமாகப் போனது. சூட்டுக்காற்று மர ஜன்னலின் இடுக்குகளில் மணலைத் தேய்த்தது. இவை எல்லாவற்றுக்கும் கீழே, பக்கத்தில் தூங்கும் அவள் முதுகுக்கு நேர் கீழே, நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு தாள் புரளும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை, ஒரு பக்கத்தை ஆறுதலாக வாசித்து முடிக்கும் நேரம். மறுபடியும் நாக்கு. மறுபடியும் தாள்.

அன்றிலிருந்து அவனால் சாப்பிட முடியவில்லை. வெண்டிக்காய்க் கறியின் வழுவழுப்பைக் கண்டால் குமட்டியது. விமலராணி சோறு குழைத்த விரலை நக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் வாயில் ஊறியதையே விழுங்கக் கூசி, வாசலுக்குப் போய்ப் போய்த் துப்பினான். ஆனாலும் அவள் வேலைக்குப் போனதும் பெட்டியை இழுத்துத் திறப்பான். அகராதி முடிந்திருந்தது. இரண்டாவது புத்தகம் முடிந்திருந்தது. மூன்றாவது பாதி. மூலைகள் கரைந்து, கடித்த அப்பம்போலக் கூழாகிக்கொண்டிருந்தன.

"படுத்தால் எனக்குப் பிணம் மாதிரி நித்திரை வருது," என்றாள் விமலராணி. "எழும்பேக்கை தலையணை எல்லாம் ஈரம். காதடியும் ஈரம்."

"வேர்வையாக்கும்."

"வேர்வை இப்பிடி ஒட்டுமே?"

அவன் தலையணையைத் திருப்பிப் போட்டான்.

நான்காவது புத்தகம் வெள்ளிக்கிழமை முடிந்தது. சனிக்கிழமை சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்தப் போன விமலராணி, படத்தின் கீழே வைத்திருந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். திறந்தாள். அப்படியே நின்றாள். பக்கம் பக்கமாக, எல்லா மூலையும் நனைந்து மினுங்கியது.

அவள் கத்தவில்லை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள்; கட்டிலின் அடியில் கையை விட்டாள்; பெட்டியை வெளியே இழுத்தாள்.

"எனக்குப் பொய் சொன்னீங்கள், என்ன?"

"ராணி..."

"இதுக்கு மேலை நான் படுத்தனான். ஒவ்வொரு நாளும்." பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "எல்லாத்தையும் கொண்டுபோங்கோ. உங்கடை இத்தாலியன் புத்தகம், கலண்டர், பேப்பர், எல்லாம். அதுக்கு வாசிக்க இந்த வீட்டிலை ஒரு கடதாசித் துண்டும் இருக்கக் கூடாது."

பேர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிப் பத்திரத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். மற்றதெல்லாம் போயின. ஆறு வருஷமாகச் சேர்த்த தோல் முதுகுகள், வரைபடங்கள், சமையல் பக்கம் வெட்டி ஒட்டிய அவளுடைய கொப்பி, மருந்துப் பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டுக்கூட. கைவண்டியில் ஏற்றி, வெயில் தலையைப் பிளக்க, வுச்சீரியா சந்தை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். அங்கே மீன்காரர் கழிவு கொட்டும் பெரிய தொட்டி ஒன்று உண்டு. வாளைமீன் தலைகளுக்கும் கணவாய்க் குடலுக்கும் நடுவே ஒவ்வொன்றாக எறிந்தான். அகராதி கடைசி. பூக்கொடி வரம்பின்மேல் இலையான் மொய்த்தது. ஈக்களின் இரைச்சலுக்குள்ளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நாக்குச் சத்தம் இல்லை. தாளும் புரளவில்லை.

மீன்காரன் ஒருவன் தந்த எலுமிச்சைப் பாதியால் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினான். பல நாளைக்குப் பிறகு பசித்தது. வழியில் பாண் வாங்கி, நடந்தபடியே பிய்த்துச் சாப்பிட்டான். அவளுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டான்.

வீடு வெறிச்சென்று கிடந்தது. கலண்டர் தொங்கிய இடத்தில் வெள்ளைச் சதுரம். விமலராணி கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள், கைகள் இரண்டும் பக்கத்தில் நீட்டி, அசைவில்லாமல். மர ஜன்னலின் இடுக்கால் வந்த வெளிச்சம் கோடு கோடாக அவள்மேல் விழுந்திருந்தது. நெற்றியில் ஒரு கோடு. கன்னத்தில் ஒன்று. கழுத்தில் ஒன்று. அச்சடித்த வரிகள்போல.

"ராணி. எறிஞ்சிட்டன். எல்லாம் போயிட்டுது."

இடது கண்ணின் ஓரம் மினுங்கியது. அழுதுவிட்டுத் தூங்கியிருப்பாள் என்று நினைத்தான். துடைக்கக் கையை நீட்டினான்.

பெருஞ்சீரகம் மணத்தது.

கை நின்றது.

மூடிய இமையின் கீழ்மூலையில், ஒரு விரல்நுனி அளவுக்கு, ஈரம். அந்த ஈரம் அழுந்தியது. தோல் பள்ளமானது. பிறகு இமை மேலே எழும்பியது, ஓரத்திலிருந்து, மெதுவாக, கிழிந்துவிடாமல் பழைய தாளைத் தூக்கும் கவனத்தோடு.

உள்ளே கருமணி அவன் பக்கம் திரும்பியது. அவள் விழித்திருந்தாள். அவனைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. விரல் அசையவில்லை. கண் மட்டும்.

இமை தூக்கியபடியே நின்றது. ஒரு பக்கம் வாசிக்கும் நேரம்.

பிறகு மூடியது.

கையிலிருந்த பாண் விழுந்தது. கத்த வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

நாக்குச் சத்தம். மிக அருகில்.

வலது கண்ணின் ஓரம் நனைந்தது. இமை எழும்பியது. இந்த முறை இமையோடு நிற்கவில்லை. அதன் பின்னால் கன்னத்தின் தோலும், வெளிச்சக் கோடுகளோடு சேர்ந்து, ஓரத்தில் பிரிந்துகொண்டு எழும்பியது.