கடுகு மழை

செவ்வாய்க் கிரகத்தில் தினமும் விடிந்ததும் வீட்டுக்கு ஒருவர், நேற்றைய உடுப்புகளில் பிழிந்த வியர்வையைக் குடுவையில் கொண்டுபோய்க் கொடுத்து, குடிநீராக மாற்றி வாங்கி வர வேண்டும். அன்று அந்த வரிசையில் நின்ற பூவிழிக்குக் கவலை வேறு. மழைக்கு என்ன சத்தம்?

கல்லூரி இறுதித் தேர்வுக்காக அவளும் வகுப்புத் தோழன் இன்பனும் செய்த மெய்நிகர் விளையாட்டில் மழை கண்ணுக்குப் பெய்தது; காதுக்குப் பெய்யவில்லை. ஒலி அவள் பொறுப்பு. பூமியில் பிறந்த ஒருவர் ‘இது மழைதான்’ என்று கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் ஒலிப்படிப்பு போய், சுரங்கம் தோண்டும் பிரிவு. பூவிழி இதுவரை தூக்கிய அதிகபட்ச எடை அவளுடைய காதொலிப்பான்.

பூமிக் களஞ்சியத்தில் நாற்பதாயிரம் மழைக் காணொளிகள் இருந்தன. நாற்பதாயிரத்திலும் பாட்டு. பாட்டை நீக்கிப் பார்த்தால் வெறும் மௌனம்.

“பூமியில மேகமே பாடும் போல,” என்றான் இன்பன்.

“வாயை மூடுறா. அந்தக் கடுகு டப்பாவை எடு.”

எவர்சில்வர் தட்டில் ஒரே ஒரு கடுகை விழவிட்டுப் பதிந்தாள். அதைக் கணினி லட்சம் சொட்டாகப் பெருக்கியது. இடிக்கு, காற்றடைப்புக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

குடியிருப்பில் பூமியில் பிறந்தவர் பேராசிரியை லூர்துமேரி ஒருவர்தான். இருபத்தைந்து வயதுவரை நாகர்கோவில்வாசி. அவர் மெய்நிகர் கவசத்தை மாட்டியதும் அரங்கத்து ஒலிபெருக்கிகளிலும் மழை தொடங்கியது. தூரத்தில் நாலு சொட்டு. பிறகு கூரை முழுக்க. அந்தக் கிரகத்தில் ஒரு துளிகூட விழுந்ததில்லை. ஆனாலும் அரங்கத்தில் கூடியிருந்த முந்நூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ ஒருவர் குடுவையைத் திறந்து நீட்டினார். பூவிழிக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பேராசிரியை கவசத்தைக் கழற்றியபோது, மறுநாள் வரிசையில் ஒப்படைக்க வேண்டிய நீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“சரியா இருக்கா மேடம்?”

“தெரியலையே மக்ளே.”

“நாகர்கோவில்ல மழையே பெய்யாதா?”

“கொட்டும். மொதச் சொட்டு விழுந்ததுமே போனைத் தூக்கிருவோம். எந்தப் பாட்டைப் போடலாம்னு தேடி முடிக்கதுக்குள்ள மழை விட்டிரும்.”

கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். “இன்னொருக்கா பெய்ய விடு.”

சாயங்காலம் இன்பன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “பூவு! உன் மழையை முந்நூறு பேரும் படம் பிடிச்சு அனுப்பியிருக்காங்க. செவ்வாய் பூரா இதான் ஓடுது!”

அவன் நீட்டிய மணிக்கட்டுத் திரையில் அரங்கம் தெரிந்தது. அண்ணாந்த முகங்கள் தெரிந்தன. பூவிழி ஆசையாகக் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

முந்நூறிலும் பாட்டு.